திருட்டுப் பணம் சூதாட்டத்தில் போனால், யார் திருப்பித் தரவேண்டும்?

கம்பெனிப் பணத்தைக் கையாடி சூதாட்டத்தில் தொலைத்துவிட்டதாக ஒருவர் கைதாகும் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிகிறது. "திருடியது அவன். சூதாட்டக் கம்பெனி என்ன செய்யும்? அவன் நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது?" என்பது ஒரு பக்கம். "திருட்டு நகையை அடகு பிடித்தவரிடமிருந்து போலீஸ் நகையைப் பறிமுதல் செய்கிறதே, இவர்களிடம் மட்டும் ஏன் கைவைப்பதில்லை?" என்பது இன்னொரு பக்கம். சட்டம் தங்கள் பக்கம்தான் என்று இரண்டு தரப்புமே உறுதியாக நம்புகிறது.

மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது. அது திருட்டுப் பணம் என்று நிறுவனத்துக்குத் தெரியுமா? தெரியாவிட்டாலும் அதை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டா? இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்க வேண்டிய கடமை இருந்ததா? முதலாவது பெரும்பாலும் கிரிமினல் சட்டத்துக்கு உரியது. இரண்டாவது சிவில் நீதிமன்றத்துக்கு. மூன்றாவதைக் கேட்க வேண்டியது உரிமம் கொடுத்த அரசு. ஒரே சம்பவத்தில் மூன்றுக்கும் வெவ்வேறு பதில் வரலாம்.

இந்த மூன்றும் துலக்கமாகத் தெரியும் நாடு பிரிட்டன். அங்கே நடந்தது கொஞ்சம் விநோதம். சூதாட்டத்தை இழிவாகப் பார்த்த பழைய சட்டம் பணத்தைப் பறிகொடுத்தவரைக் காப்பாற்றியது. சூதாட்டத்தை ஒரு சாதாரணத் தொழிலாக ஏற்றுக்கொண்ட புதிய சட்டம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது, அநேகமாக யாரும் அப்படித் திட்டமிடாமலே. அதனால் லண்டனிலிருந்து தொடங்கலாம்.

நகைக்கு ஒரு விதி, நோட்டுக்கு வேறு விதி

அடகுக்கடை உதாரணத்தை முதலில் தீர்த்துவிடுவோம். தனக்குச் சொந்தமில்லாத பொருளைத் திருடன் வேறொருவருக்குச் சொந்தமாக்க முடியாது. நகை எத்தனை கை மாறினாலும் உரிமை பழைய உடைமையாளரிடமே இருக்கிறது. பொருள்களுக்கு இதுதான் அடிப்படை விதி.

பணத்துக்கு இது பொருந்தாது. 1756 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு தபால் வண்டி கொள்ளையடிக்கப்பட்டது. அதில் போன ஒரு வங்கி நோட்டு சுற்றிச் சுற்றி ஒரு விடுதிக்காரரின் கைக்கு வந்தது. அவருக்கு விஷயம் தெரியாது. தன் வியாபாரத்தில் முழு மதிப்பு கொடுத்து வாங்கியிருந்தார். அவர் அதை வங்கியில் நீட்டியபோது, திருட்டு நோட்டு என்று சொல்லிப் பணம் தர மறுத்தார்கள். 'மில்லர் எதிர் ரேஸ்' என்ற அந்த வழக்கில் 1758இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, நோட்டு விடுதிக்காரருடையதே என்று தீர்ப்பளித்தார்.

பணத்தில் அடையாளம் இல்லை, அதனால் பின்தொடர முடியாது என்று அந்தக் காலத்திலேயே ஒரு விளக்கம் சொல்லப்பட்டு வந்தது. மான்ஸ்ஃபீல்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பணம் தடையின்றிப் புழங்க வேண்டும், அதுதான் காரணம் என்றார். வாங்கும் ஒவ்வொரு நோட்டின் பூர்வீகத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தால் எந்தக் கடையும் நடக்காது. அதாவது இந்த விதி வியாபாரத்தின் வசதிக்காக வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த விதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பணத்தை வாங்கியவர் நல்லெண்ணத்தோடு, அதாவது திருட்டு என்று தெரியாமலும் சந்தேகத்தைக் கண்டும் காணாமல் விடாமலும், வாங்கியிருக்க வேண்டும். அதற்கு ஈடாக ஏதாவது கொடுத்திருக்கவும் வேண்டும். நம் கதை முழுவதும் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சுழல்கிறது.

அரிசிக்கடையும் கோயில் உண்டியலும்

உங்கள் வீட்டிலிருந்து ஒருவன் 10,000 ரூபாயைத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பாதியை மளிகைக் கடையில் கொடுத்து அரிசி மூட்டை வாங்குகிறான். மீதியைப் பாவம் தீரட்டும் என்று கோயில் உண்டியலில் போடுகிறான். கடைக்காரருக்கும் தெரியாது, கோயிலுக்கும் தெரியாது. இருவரும் நிரபராதிகள்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடைக்காரர் அரிசி கொடுத்திருக்கிறார். இப்போது அவரிடம் பணத்தைப் பிடுங்கினால் அரிசியும் போச்சு, பணமும் போச்சு. உங்கள் நஷ்டம் அவர் தலையில் விழுகிறது. கோயில் எதையும் விலையாகக் கொடுக்கவில்லை. உண்டியலில் விழுந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால், அது திருடன் வருவதற்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

பெற்றதற்கு ஈடாகக் கொடுப்பதைச் சட்டத்தில் மறுபயன் என்கிறார்கள். மறுபயன் எதுவும் தராமல், இன்னொருவரின் பணத்தால் ஒருவர் வளம் பெற்றிருந்தால் அது முறையற்ற ஆதாயம். முறையற்ற ஆதாயத்தைத் திருப்பித் தரச் சொல்லும்போது நீதிமன்றம் யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. "நீ தப்பு செய்தாய்" என்று அது சொல்லவில்லை. "இது உன்னிடம் இருக்க நியாயம் இல்லை" என்று மட்டுமே சொல்கிறது. திருப்பித் தரச் சொன்னாலே அது தண்டனை என்று நினைத்துக்கொள்வதால்தான் "அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற வாதம் இவ்வளவு வலுவாகத் தோன்றுகிறது. உண்டியலைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே எழவில்லை, கவனித்தீர்களா?

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: திருட்டுப் பணமாகவே இருந்தாலும், தெரியாமல் மறுபயன் கொடுத்து வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். சும்மா பெற்றவர், தெரியாமலே பெற்றிருந்தாலும், திருப்பித் தரவேண்டியிருக்கலாம். அப்படியானால் சூதாட்ட கிளப் அரிசிக்கடையா, உண்டியலா?

பிளேபாய் கிளப் வழக்கு

லண்டனில் 'லிப்கின் கோர்மன்' என்ற வழக்கறிஞர் நிறுவனம் இருந்தது. கட்சிக்காரர்களின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்தது. அது நிறுவனத்தின் சொந்தப் பணம் அல்ல, வீடு வாங்க விற்க என்று கட்சிக்காரர்கள் நம்பிக் கொடுத்து வைத்திருக்கும் தொகை. அந்தக் கணக்கில் தனி ஒருவராகவே கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரு பங்குதாரருக்கு இருந்தது. அவர் சூதாட்டத்துக்கு அடிமை.

1980இல் அவர் மாதக்கணக்கில் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்து பிளேபாய் கிளப்பில் ஆடினார். கிளப்பை நடத்தியது 'கார்ப்னேல்' என்ற நிறுவனம். அவ்வப்போது திருப்பிக் கட்டியது போக, எடுத்த பணம் சுமார் 2.2 லட்சம் பவுண்டு. விஷயம் வெளியே வந்தது, ஆள் நாட்டை விட்டுப் போனார், பிறகு பிடிபட்டுச் சிறைத் தண்டனையும் பெற்றார். ஆனால் அவரிடம் பணம் இல்லை. சூதாடித் தோற்றவரிடம் எங்கே இருக்கும்?

வழக்கறிஞர் நிறுவனம் கிளப் மீது வழக்குப் போட்டது. கிளப்புக்குத் திருட்டு தெரியாது, அது நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டது என்பதில் கடைசிக் கட்டத்தில் சர்ச்சையே இல்லை. ஆக, நம் மூன்று கேள்விகளில் முதலாவது அடிபட்டுப் போயிற்று. எஞ்சியது இரண்டாவது கேள்வி மட்டும்: தெரியாமல் வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளலாமா? வழக்கைத் தெளிவான பாடமாக ஆக்கியது இதுதான்.

கிளப்பின் வாதம் அரிசிக்கடை வாதம். "பணத்துக்கு ஈடாக நாங்கள் சிப் கொடுத்தோம். சிப்பை வைத்து ஆடலாம், கிளப்பிலேயே சாப்பிடலாம், குடிக்கலாம், மீதியைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். ஆடும் வாய்ப்பையும் கொடுத்தோம், ஜெயித்தபோது தட்டாமல் பணமும் கொடுத்தோம். இதெல்லாம் மறுபயன் இல்லையா?" அப்பீல் நீதிமன்றம் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது.

1991இல் பிரபுக்கள் சபை, அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்தது அதுதான், அதைப் புரட்டிப் போட்டது. சிப் என்பது பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லை, அவ்வளவுதான். அதை ஒரு சரக்காக யாரும் விலைக்கு வாங்கவில்லை என்றார்கள். சரி, ஆட்டம்? அங்கேதான் 1845ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் உள்ளே வந்தது. சூதாட்ட ஒப்பந்தங்கள் எதுவும் செல்லாது என்றது அதன் 18ஆம் பிரிவு. ஜெயித்தவர் பணம் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. கிளப் பணம் தருவது வெறும் கௌரவத்துக்காக, கடமைக்காக அல்ல. செல்லாத வாக்குறுதி மறுபயனும் ஆகாது.

முடிவு என்ன? சட்டத்தின் கண்ணில், தோற்ற பணத்தை அவர் கிளப்புக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். ஜெயித்தபோது கிளப் அவருக்குப் பரிசு கொடுத்திருக்கிறது. லண்டனின் ஆடம்பரமான பார்க் லேன் கிளப், சட்டப்படி, ஒரு கோயில் உண்டியல்!

இதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1774இல், அதே மான்ஸ்ஃபீல்டு பிரபு முன்பு, ஒரு மதுபானத் தயாரிப்பாளரின் குமாஸ்தா எஜமானரின் பணத்தை எடுத்துச் சட்டவிரோதமான லாட்டரிப் பந்தயத்தில் போட்ட வழக்கு வந்தது. லாட்டரிக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது தீர்ப்பு. வியாபாரம் தடைபடக் கூடாது என்பதற்காக விடுதிக்காரரைக் காப்பாற்றிய அதே நீதிபதி, சட்டம் தடுத்த பந்தயத்துக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. எந்தப் புழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும், எதை வேண்டாம் என்ற தேர்வு அது.

வாங்கியது முழுவதும் ஏன் இல்லை?

கிளப் திருப்பிக் கொடுக்க வேண்டியது 1,54,695 பவுண்டு என்று முடிவானது. அவர் மேசையில் வைத்த தொகையோ இதைவிடப் பல மடங்கு. ஏன் குறைத்தார்கள்?

உண்டியலுக்கே போவோம். பெரிய தொகை விழுந்திருக்கிறதே என்று மகிழ்ந்து, வழக்கமாக இல்லாத ஒரு அன்னதானத்தைக் கோயில் நடத்திவிட்டது. மூன்று மாதம் கழித்து நீங்கள் போய்க் கேட்கிறீர்கள். இப்போது முழுத் தொகையையும் கேட்டால் கோயில் தன் கையிலிருந்து போடவேண்டும். அது நியாயம் இல்லை. நல்லெண்ணத்தோடு பெற்றவர், அதை நம்பித் தன் நிலையை மாற்றிக்கொண்டுவிட்டால், மாறிய அளவுக்கு விலக்கு உண்டு. இதற்கு நிலைமாற்றத் தற்காப்பு என்று பெயர். ஆங்கிலச் சட்டம் இதைப் பொதுவான விதியாக முதன்முதலில் ஏற்றது இந்த வழக்கில்தான். தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரான கோஃப் பிரபுவின் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பது இதற்காகவே. ஒரு எச்சரிக்கையும் அவர் சேர்த்தார்: பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. வழக்கமாக எப்படியும் நடக்கும் தினசரிப் பூஜைச் செலவைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது.

கிளப் விஷயத்தில் நிலைமாற்றம் என்பது, அவர் ஜெயித்தபோதெல்லாம் கிளப் கொடுத்த பணம். கூட்டிக் கழித்தால் கிளப் கையில் நிகரமாக நின்றது எவ்வளவோ, அதை மட்டும் திருப்பித் தந்தால் போதும்.

2007 செப்டம்பர் 1

இதைப் படித்துவிட்டு "அப்போ சூதாட்ட நிறுவனங்கள் திருட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும்" என்று சொல்பவர்கள் நிறைய. ஒரு படியைத் தவறவிடுகிறார்கள்.

2005இல் பிரிட்டன் புதிய சூதாட்டச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முக்கியப் பகுதிகள் 2007 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சூதாட்டம் சம்பந்தப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்றது அதன் 335ஆம் பிரிவு. 1845இன் 18ஆம் பிரிவு போய்விட்டது. நோக்கம் நல்லதுதான்: ஜெயித்த வாடிக்கையாளருக்குப் பணம் தராமல் ஏமாற்றும் நிறுவனத்தை இனி கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

ஆனால் அதே கையோடு என்ன ஆயிற்று பாருங்கள். ஒப்பந்தம் செல்லும் என்றால், ஜெயித்தால் பணம் தருகிறேன் என்ற வாக்குறுதி உண்மையான கடமை. உண்மையான கடமை என்றால் அது மறுபயன். மறுபயன் இருந்தால் கிளப் உண்டியல் அல்ல, அரிசிக்கடை. தெரியாமல் வாங்கியவரை 1758இன் விதி காப்பாற்றுகிறது. பிளேபாய் கிளப் வழக்கின் அதே உண்மைகளோடு இன்று ஒருவர் போனால், அதே பாதையில் ஜெயிப்பது மிகக் கடினம்.

அதனால் அங்கே இன்றைய சண்டை நல்லெண்ணம் என்ற முதல் நிபந்தனைக்கு நகர்ந்துவிட்டது. நிறுவனத்துக்கு உண்மையிலேயே தெரியாதா, அல்லது தெரிந்துகொள்ளாமல் இருப்பது லாபம் என்று இருந்துவிட்டதா?  இதற்கான ஆதாரங்கள் இருப்பதோ நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்.

சுருக்கமாகச் சொன்னால், பழைய சட்டத்தில் நிறுவனத்துக்குத் தெரியுமா என்பதே தேவைப்படவில்லை. புதிய சட்டத்தில் அதுதான் எல்லாம்.

உரிமம் வழியாக வரும் பொறுப்பு

புதிய சட்டம் ஒன்றை எடுத்தபோது இன்னொன்றைக் கொடுத்தது. சூதாட்ட ஆணையம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. உரிமம் பெறும் நிறுவனம், சூதாட்டம் குற்றத்துக்கு உதவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைக் காக்க வேண்டும். நடைமுறையில் இதன் பெயர் நிதிமூலச் சோதனை. அதாவது ஒரு வாடிக்கையாளர் இழக்கும் தொகை அவர் சம்பாதிக்கக்கூடிய தொகைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டு, ஆவணம் வாங்கிப் பார்ப்பது.

மான்ஸ்ஃபீல்டு சொன்ன காரணத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். நோட்டின் பூர்வீகத்தை விசாரித்தால் கடை நடக்காது என்றார் அவர். விடுதிக்காரருக்கு அது பொருந்தும். ஆனால் ஆன்லைன் சூதாட்ட நிறுவனத்துக்கு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கார்டு எண், எந்த நேரத்தில் எவ்வளவு போட்டார் என்ற ஒவ்வொரு அசைவும் தெரியும். அதிகம் இழப்பவரைக் கண்டுபிடித்து விஐபி ஆக்கி, போனஸ் கொடுத்து, தனி மேலாளரை வைத்துப் போனில் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குத் தெரியும். அத்தனை விவரம் தெரிந்த இடத்தில் பணம் வந்த வழி மட்டும் கண்ணில் படவில்லை என்பதை நான் லேசில் நம்ப மாட்டேன்.

ஆணையம் வெளியிட்ட சில முடிவுகளைப் பார்த்தால் இது புரியும். 2018 பிப்ரவரியில் வில்லியம் ஹில் நிறுவனம் குறைந்தது 62 லட்சம் பவுண்டு கட்ட நேர்ந்தது. அதன் வாடிக்கையாளர் ஒருவர் 14 மாதங்களில் 5,41,000 பவுண்டு போட்டிருந்தார். அவர் வாயால் சொன்னதை வைத்து, ஆண்டு வருமானம் 3,65,000 பவுண்டு இருக்கும் என்று நிறுவனம் கணக்குப் போட்டிருந்தது. உண்மையில் அவர் சம்பளம் ஏறக்குறைய 30,000 பவுண்டு. மீதி வேலை செய்த இடத்தில் திருடியது. ஒரு சம்பளச் சீட்டைக் கேட்டிருந்தால் போதும். இன்னொரு வாடிக்கையாளர் விஷயத்தில் கம்ப்யூட்டரே எச்சரிக்கை கொடுத்தது. கோப்பு மேலதிகாரிகளுக்குப் போனதாகக் குறிக்கப்பட்டது. உண்மையில் போகவே இல்லை. அவர் தொடர்ந்து ஆடினார்.

2017 ஆகஸ்டில் 888 நிறுவனத்துக்கு 78 லட்சம் பவுண்டு. "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று தாங்களே எழுதிக் கொடுத்துத் தன்விலக்கு பெற்றிருந்த 7,000க்கும் மேற்பட்டோர் மீண்டும் ஆட முடிந்ததுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அதோடு, ஒருவர் பல மாதங்கள் தினமும் மணிக்கணக்கில் ஆடிப் பந்தயம் வைத்த 13 லட்சம் பவுண்டில் 55,000 பவுண்டு முதலாளியிடம் திருடியது. 2020 மார்ச்சில் பெட்வே நிறுவனத்துக்கு 1.16 கோடி பவுண்டு. அதில் பாதி, பணத்தைப் பறிகொடுத்தவர்கள் யார் என்று தெரிந்தால் அவர்களுக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாடு.

இப்படி, திருட்டில் கிடைத்த லாபத்தை நிறுவனம் கையிலிருந்து கழற்றுவதை ஆதாய ஒப்படைப்பு எனலாம். சிவில் நீதிமன்றத்தில் அடைபட்ட கதவுக்கு ஆணையம் திறந்த ஜன்னல் இது. ஆனால் அதன் கொக்கி உள்பக்கம் இருக்கிறது. எந்த நிறுவனத்தை விசாரிப்பது, எந்தத் தொகைக்குச் சமரசம் செய்வது என்பதெல்லாம் ஆணையத்தின் முடிவு. பறிகொடுத்தவர் புகார் கொடுக்கலாம். என் பணத்தை வாங்கித் தா என்று உரிமையோடு கட்டளை கேட்க முடியாது. நிறுவனம் சோதனைகளை ஒழுங்காகச் செய்திருந்து, அப்படியும் திருடன் ஏமாற்றியிருந்தால், இந்த வழியும் இல்லை.

தோற்றவரின் வழக்கும் பறிகொடுத்தவரின் வழக்கும்

இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதும் சகஜம். பிரிட்டனில் பந்தய நாய்களைப் பழக்கும் ஒருவர், தன் கணக்கை மூடச் சொல்லியும் மூடாததால் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்தேன் என்று வில்லியம் ஹில் மீது வழக்குப் போட்டார். 2008இல் அப்பீல் நீதிமன்றத்திலும் தோற்றார். இவர்களிடம் இழக்காவிட்டால் வேறு எங்கேயாவது இழந்திருப்பார் என்பது முக்கியமான காரணம். அது அவருடைய சொந்தப் பணம், அவரே தேர்ந்தெடுத்த ஆட்டம். நிறுவனத்துக்கு அவரைக் காக்கும் கடமை எவ்வளவு என்பதுதான் அங்கே கேள்வி.

பணத்தைப் பறிகொடுத்த முதலாளியோ கட்சிக்காரரோ மேசைப் பக்கமே போகாதவர். "வேறு எங்கேயாவது இழந்திருப்பான்" என்பது அவருக்குப் பதிலே ஆகாது. சூதாடித் தோற்றவர்களின் வழக்குகள் தோற்பதைக் காட்டி, திருட்டுப் பணத்துக்கும் அதுதான் விதி என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கடல் கடந்து சில காட்சிகள்

அமெரிக்காவில் பொதுவாகத் தண்டத்தொகை அரசுக்குப் போகிறது, பறிகொடுத்தவருக்கு அல்ல. 1980களின் தொடக்கத்தில் டொராண்டோ வங்கி அதிகாரி ஒருவர் போலிக் கடன்கள் மூலம் ஒரு கோடி கனடா டாலருக்கு மேல் எடுத்தார். அதன் பெரும் பகுதி அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள அட்லாண்டிக் சிட்டியின் சீசர்ஸ் சூதாட்ட விடுதிக்குப் போனது. 1985இல் நியூஜெர்சியின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் அந்த விடுதியை ஒரு நாள் மூட வைத்தது. பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒதானியின் மொழிபெயர்ப்பாளர் அவரிடமிருந்து கிட்டத்தட்ட 1.7 கோடி டாலர் திருடிய வழக்கில், 2025இல் திருடியவருக்குச் சிறையோடு முழுத் தொகையையும் திருப்பிக் கட்டவும் உத்தரவு வந்தது. அந்தத் தொகை அவரிடம் எங்கிருந்து வரும் என்பது வேறு விஷயம்.

நிதிமூலத்தைக் கேட்கும் கடமையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரியின் வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளை உதாரணம். நியூயார்க்கில் இருந்த கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய், அங்கே சூதாட்ட விடுதிகள் வழியாகக் கரைந்தது. அன்றைய பிலிப்பைன்ஸ் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தில் சூதாட்ட விடுதிகள் இல்லை. யாரும் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்குத் திரும்பி வந்தது. 2017இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறும் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையை ஒரு வங்கி கவனித்ததால். சூதாட்ட விடுதிக்கும் வங்கிக்கும் அன்று இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்: ஒரு இடத்தில் யாரோ படித்துப் பார்த்தார்கள்.

இந்தியாவில்?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. இது அந்த 1845 ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது. அங்கே தாய் போய்விட்டாள், இங்கே பிள்ளை இருக்கிறது. அதனால் பிளேபாய் கிளப் வழக்கின் வாதம், பிரிட்டனைவிட இங்கேதான் இன்று அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து.

குறுக்கே வருவது 'திறமை விளையாட்டு' என்ற சொல். ரம்மி திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. திறமை விளையாட்டு என்றால் அது பந்தயம் அல்ல, ஒப்பந்தம் செல்லும் என்று நிறுவனங்கள் வாதிட வழி உண்டு. செல்லும் என்றால், மேலே பார்த்தபடி, உண்டியல் அரிசிக்கடை ஆகிவிடும். திறமையா அதிர்ஷ்டமா என்ற சண்டையைத் தடையோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். திருட்டுப் பணம் திரும்புமா என்பதும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எதையும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை செய்கிறது. சட்டவிரோத லாட்டரிக்காரர்களுக்கு 1774இல் மான்ஸ்ஃபீல்டு சொன்ன பதில், தடையை மீறி நடத்துபவர்கள் விஷயத்தில் மறுபடி பொருத்தமாகிறது.

பறிகொடுத்தவர் கையில் இருப்பது

இதுவரை பார்த்த விதிகளுக்கெல்லாம் ஒன்று பொது: நிறுவனத்துக்குத் தெரியவந்த நொடியிலிருந்து நல்லெண்ண வாதம் அதற்குக் கிடைக்காது. ஆடியவரின் கணக்கில் மீதி இருக்கலாம், ஜெயித்த பணம் வெளியே போகாமல் நிற்கலாம். தெரிந்த பிறகும் அதை வெளியே விட்டால், நிலைமாற்றத் தற்காப்பும் கைகொடுக்காது.

ஆகவே போலீஸ் புகாரோடு நின்றுவிடாமல், அதன் நகலோடு சூதாட்ட நிறுவனத்துக்கும், பணம் போன வங்கிக்கும், உரிமம் கொடுத்த அமைப்பு இருந்தால் அதற்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. எந்தக் கணக்கு, எந்தெந்தத் தேதி, எவ்வளவு என்று வங்கி அறிக்கையைப் பார்த்துக் குறிப்பிட வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ் போலீஸ் கணக்கை முடக்குவதுண்டு. 107ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது: குற்றத்தின் வருவாய் என்று நீதிமன்றம் முடிவு செய்த சொத்தை மாவட்ட ஆட்சியர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அது வழி செய்கிறது. புகார் எழுதும்போதே இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கடிதமாக இருந்தாலும் மின்னஞ்சலாக இருந்தாலும் தேதியோடு நேரமும் பதிவாகும்படி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.